முழுக்கைச் சட்டை

“கை தூக்குனது நீயில்லன்னா, பெட்டிக்குள்ள இருக்கவ யாரு? ஒன் குரல்லதான பேசுதா? ஒன்ன மாதிரிதான நடுவுல நடுவுல இருமுதா?”

தெரசிட்டா கேட்ட கேள்வி சங்குமேடு குடியிருப்பின் நாலு மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்கள் கேட்பதற்காக வெளியே வந்தார்கள். நான் கத்தரிக்காய் வாங்கத்தான் இறங்கினேன். கத்தரிக்காயை மறுநாள்தான் வாங்கினேன்.

எதிரே நின்ற சந்தனமாரி இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. இறக்கினால் சண்டையில் சேர்ந்துவிட்டதாக ஆகிவிடும். அவள் சண்டைக்காரி இல்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்வாள், குடத்தோடு நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு.

“ஏட்டி, எங்க வீட்டுல சீக்காளி யாரும் கெடையாது. இல்லாத சீக்குக்கு நாற்காலி வேணும்னு என் பதிலாள் எதுக்குட்டி கேக்கணும்? ஒன் புருசன் ஒருத்தருக்காவ ஊரே நாலு நாற்காலியக் கட்டி அழணுமா?”

‘ஒருத்தருக்காக’ என்றதும் கூட்டம் ஒரு மாதிரி அடங்கியது. தெரசிட்டா அதைத் தன் தோல்வி என்று எடுத்துக்கொண்டாள். சுற்றி நின்ற ஆண்களில் சிலர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. எனக்குக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

சண்டைக்குக் காரணம் கிளினிக் கதவில் அன்று காலை ஒட்டியிருந்த அறிவிப்பு. டயாலிசிஸ் நாற்காலிகள் நாலும் மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. அந்த இடத்தில் தோல், முடிப் பராமரிப்புப் பிரிவு வருகிறது. ‘பொதுமக்கள் விருப்பப்படி’ என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

தெரசிட்டாவின் கணவர் கஸ்பாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு. தலைநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மழை பெய்தால் நடுவில் ரோடே இருக்காது.

கடல் ஏறி வந்து பழைய ஊரை எடுத்துக்கொண்ட பிறகு அரசாங்கம் எங்களைக் கொண்டுவந்து வைத்த இடம் இது. கடல் எங்களை விட்டாலும் உப்பு விடவில்லை, நிலத்தடித் தண்ணீரில் கூடவே வந்துவிட்டது. சுத்திகரிப்பு மிசின் வருவதற்குள் எங்கள் ஆண்கள் அந்தத் தண்ணீரை வெயிலில் நின்று வருஷக்கணக்காகக் குடித்திருந்தார்கள். அதனால்தான் கிளினிக்கில் அந்த நாலு நாற்காலி வந்தது. அதனால்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதிலாள் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மக்களைக் கேட்காமல் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு கட்டிலைக்கூட நகர்த்தக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. அதற்காக நல்லவர்கள் பலர் போராடியிருக்கிறார்கள். சட்டம் வந்தது, மக்கள்தான் வரவில்லை. கலந்தாய்வுக் கூட்டம் என்று போட்டால் பாதிப் பேர் சுண்டலுக்கு வருவார்கள், மீதிப் பேர் அதற்கும் வர மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருவிளக்கைப் பற்றியே இருட்டும்வரை பேசுவார். இப்படியே போய்க் கடைசியில், வராத மக்களுக்குப் பதிலாக வந்து உட்காரும் மக்களை மிசினுக்குள் செய்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள், சோப்பு டப்பா அளவில். திட்ட அலுவலர் மதுரவல்லி வீடு வீடாக வந்து விளக்கினாள். சின்னப் பெண், நல்ல பெண். எங்களை நம்பியதுதான் அவள் செய்த தப்பு. சந்தனமாரி வீட்டில் அவள் விளக்கியபோது நான் உறைமோர் கேட்கப் போயிருந்தேன்.

“தினமும் கொஞ்ச நேரம் இதுகிட்டப் பேசுங்கம்மா. பேசப் பேச அது உங்களைக் கத்துக்கும். எதைச் சொல்வீங்க, எதைச் சொல்ல மாட்டீங்க, யார் முன்னால எப்படிப் பேசுவீங்க, எல்லாத்தையும். அப்புறம் கூட்டத்துக்கு உங்களுக்குப் பதிலா அது போகும்.”

“பொய் சொன்னா கண்டுபிடிச்சிருமா தாயி?”

மதுரவல்லி சிரித்தாள். “அது போலீஸ் இல்லம்மா. நீங்க எப்படியோ, அது அப்படி.”

சந்தனமாரிக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியைக் கல்யாணத் தரகர் மாலையப்பன் கெடுத்தார். எந்த வீட்டுப் பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று தனக்குத் தெரியும், உள்ளே ஆள் வைத்திருக்கிறேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தன் செல்போனில் படத்தைப் பெரிதாக்கவே தெரியாது. ஆனாலும் ஊர் நம்பியது. சிறுநீரகச் சீக்கு இருப்பது வெளியே தெரிந்து ‘உப்பு இறங்கிய வீடு’ என்று ஒரு வீட்டுக்குப் பெயர் விழுந்துவிட்டால் அங்கே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் அது வரும் என்று பேச்சு. தண்ணீரால் வந்தது பிள்ளைக்கு வராது என்று டாக்டர் சொன்னதை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வீட்டை எப்படி வைப்போமோ, அப்படிப் பெட்டிக்கு முன்னால் வைத்தோம். கிழிந்த பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று. எங்க வீட்டுல ஒரு கொறையும் இல்ல, எல்லாரும் சுகம், முகத்துல கொஞ்சம் மங்கு இருக்கு, முடி கொட்டுது, அதுக்கு ஏதாவது வைத்தியம் இருந்தா நல்லது. ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் இந்தப் பாட்டுத்தான். இப்படிச் சொல்லிக்கொடுத்த பெட்டி நாளைக்குக் கூட்டத்தில் என்ன ஒப்பிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

சந்தனமாரி ஒரு படி மேலே போனாள். மகன் பலவேசம் தன் பெட்டியோடு பேசும்போது தானும் பக்கத்திலேயே நின்றாள். அவன் இழுத்தால் இவள் எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் அந்தப் பெட்டியே கேட்டது, “உங்களுக்கு அசதி ஏதாவது உண்டா?” என்று. பலவேசம் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “அசதியா? எம் புள்ள ரெண்டு ஆள் வேலை பாக்கவன்.”

பலவேசத்துக்கு இருபத்தேழு வயது. கிளினிக்கில் தண்ணீர் மிசின் ரிப்பேர் பார்க்கிறான் என்பது ஊருக்குச் சொன்ன கதை. கையில் ஸ்பேனர் பையோடு பின்வாசல் வழியாகப் போவான். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தப் பின்வாசல். நாலு மணி நேரம் கழித்து, ரிப்பேரான மிசினைவிட மோசமாக வெளியே வருவான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. டயாலிசிஸ் ஊசிக்காக முழங்கைப் பக்கத்தில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். கயிறு மாதிரிப் புடைத்து நிற்கும். அதை மறைக்கத்தான்.

அந்தப் பின்வாசலில் முழுக்கைச் சட்டைகள் நிறையப் போய் வந்தன. கீழ்வீட்டு உச்சிமாகாளி, ஏ பிளாக் அண்ணன் தம்பிகள் இரண்டு பேர், தெருவிளக்கு மனிதரின் மருமகன். உள்ளே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் படுத்திருப்பார்கள், வெளியே வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். கஸ்பார் ஒருவர்தான் முன்வாசல் வழியாகப் போனவர். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவரும் உள்ளே யார் யார் என்று தன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அறையின் மரியாதை அது.

சண்டை முடிந்த மறுநாள் தெரசிட்டா மதுரவல்லியிடம் போய் அழுதாள். பதிலாள் முடிவை மாற்ற ஒரு வழி இருப்பதாக மதுரவல்லி சொன்னாள். நேர்விசாரணை. தேவைப்படுகிற நோயாளிகள் பத்துப் பேர் நேரில் வந்து தங்கள் வாயால் சொன்னால் போதும், நாற்காலி நிற்கும்.

சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. சுண்டல் இல்லாமலே இவ்வளவு கூட்டம் என்பதில் மதுரவல்லிக்குச் சந்தோஷம். கஸ்பார் எழுந்து நின்று, தன் கையைக் காட்டி, இரண்டே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். மதுரவல்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: நாற்காலிகள் நாலும் காலை முதல் சாயங்காலம் வரை நிரம்பித்தான் இருக்கின்றன, ஆனால் பதிவில் இந்தக் குடியிருப்பு விலாசம் கஸ்பாருடையது மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குத் தலைநகர்தான் பக்கம் என்று மிசின் கணக்குப் போட்டிருக்கிறது.

வெளியூர்க்காரர்கள். மாமியார் ஊர் விலாசம், பெரியம்மா வீட்டு விலாசம், இருக்கிற சொந்தக்காரர் விலாசமெல்லாம் கொடுத்துவிட்டு அத்தனை வெளியூர்க்காரர்களும் அங்கே எங்கள் நடுவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“வேற யாராவது பேசணுமா?” என்றாள் மதுரவல்லி. கேட்கும்போதே மைக் கீச்சிட்டு நின்றுவிட்டது.

பின்னாலிருந்து தெருவிளக்கு மனிதர், “பலவேசம் இருக்கான்லா. மிசின் வேலை பாக்கவன்தான, அவன்கிட்டக் குடுங்க” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். பலவேசம் எழுந்தான். அவனுக்கு அந்த வாரம்தான் தோப்புவிளையில் பெண் பேசி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தது. மாலையப்பன்தான் முடித்துவைத்தார். பெண் ஆவுடைச்செல்வி. தென்னந்தோப்புக் குடும்பம், ஒரே மகள். பலவேசம் மேடைக்குப் போய் மைக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். ஒயரை உருவித் திரும்பச் சொருகினான். மைக் உயிர் பெற்றது. அவன் மூச்சு வாங்குவது கூடம் முழுக்கக் கேட்டது.

அப்படியே நின்றான். மைக் கையில் இருந்தது. கஸ்பார் அவனையே பார்த்தார். முதல் வரிசையில் சந்தனமாரி மடியில் வைத்திருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பேசுங்க,” என்றான் பலவேசம் மைக்கில். மதுரவல்லியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவந்தான்.

கை தட்டினார்கள், ரிப்பேர் செய்ததற்காக. வேறு யாரும் பேசவில்லை. நானும்தான். எனக்குத் தெரிந்ததை நான் மாடிப்படியில் சொல்வேன். மேடையில் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

நாற்காலிகளை லாரியில் ஏற்றியபோது கஸ்பார் கீழே நின்று பார்த்தார். அன்று சாயங்காலம் தெரசிட்டா சந்தனமாரி வீட்டுக் கதவைத் தட்டினாள். இந்தத் தடவை குரலே எழவில்லை. நான் கதவை ஒட்டி நின்றதால்தான் கேட்டது.

“யக்கா, நாங்க தலைநகர்ல ஒரு ரூம் பாத்திருக்கோம். ஒங்க மவனும் எங்ககூட வந்து இருக்கட்டும். வேலைக்குப் போறான்னு சொல்லுங்க. இவுக ஒண்ணும் எங்கிட்டச் சொல்லல. அன்னைக்கு மைக்கப் பிடிச்சிக்கிட்டு நின்னான் பாத்தேளா, அதுல தெரிஞ்சிகிட்டேன்.”

நிச்சயம் முடியட்டும், அனுப்புகிறேன் என்றாள் சந்தனமாரி. சீக்காளியோடு ஒரே அறையில் இருக்கிறான் என்று தோப்புவிளைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். தெரசிட்டா இறங்கிப் போனாள்.

மழை தொடங்கிவிட்டது. பலவேசம் ஒருமுறை தலைநகர் போய்வந்தான். மறுமுறை ரோடு இல்லை என்று பஸ் பாதியில் திரும்பிவிட்டது. அதற்கடுத்த முறை நிச்சயதார்த்த நாளாகிவிட்டது. முகம் ஊதியிருந்தது. மாப்பிள்ளைக்கு இப்போதே களை வந்துவிட்டது என்று சந்தனமாரி சொல்லிக்கொண்டாள்.

தோப்புவிளைக்கு வேனில் போனோம். என்னைக் கூப்பிடாமல் இருக்க முடியாது என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா தன் கையாலேயே மரத்திலிருந்து இறக்கிய செவ்விளநீரை வெட்டி மாப்பிள்ளையிடம் நீட்டினார். அந்த வீட்டு வழக்கம் அது. மாப்பிள்ளை குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் விஷம் மாதிரி, இதயத்தையே நிறுத்திவிடும். கஸ்பார் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரத்தம் சுத்தம் செய்து பல நாளானவனுக்குக் கேட்கவே வேண்டாம்.

பலவேசம் அம்மாவைப் பார்த்தான். சந்தனமாரி பந்தல் காலைப் பார்த்தாள்.

குடித்தான். பெண்ணின் அப்பா சந்தோஷத்தில் இன்னொன்று வெட்டினார். அதையும் குடித்தான்.

திரும்பி வரும்போது வேனில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தான். தூங்குகிறான் என்று பாட்டைக் குறைக்கச் சொன்னேன். எங்கள் குடியிருப்பு வந்ததும் எழுப்பினோம்.

நெஞ்சுவலி என்று சொன்னார்கள். கல்யாண வீட்டு அலைச்சல், சின்ன வயசு, விதி. சந்தனமாரியே அப்படித்தான் சொன்னாள். அவளுக்கு இன்னும் ஒரு மகள் கல்யாணத்துக்கு இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மதுரவல்லி வந்தாள். இறந்தவரின் பதிலாளை அழித்துவிட வேண்டும், அதற்கு முன் குடும்பம் விரும்பினால் கூட்டத்தில் அது பேசியதைக் கேட்கலாம் என்பது விதி. சந்தனமாரி கேட்கிறேன் என்றாள். தனியாக இருக்கப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் எழுந்து போகிற எண்ணத்தில் இல்லை.

பெட்டியிலிருந்து பலவேசம் பேசினான். அதே குரல், அதே இழுப்பு. நாற்காலி விஷயம் வந்ததும், கூட்டத்தை நடத்துகிற மிசின் குரல் அவனைக் கேட்டது: “உங்கள் வீட்டில் யாருக்காவது தேவை உண்டா?”

“எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல.”

“உறுதியாகவா?”

அவன் குரல் தணிந்தது. “இப்பக் கேக்காதீய. அம்மா பக்கத்துல நிக்காவ. அவுக போன பெறவு கேளுங்க.”

மிசின், ‘தேவை இல்லை’ என்று பதிந்துகொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

மதுரவல்லி பெட்டியை நிறுத்தினாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. “நீங்க கூட நின்னீங்களாம்மா, அவர் பேசறப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

சந்தனமாரி என் கையை விட்டாள். “இன்னமும் அதுகிட்டக் கேட்டாப் பேசுமா?”

“பேசும்மா. அழிக்கிற வரைக்கும் பேசும்.”

“நான் வெளிய போறேன். இப்பக் கேளு தாயி.”

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதுரவல்லி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து மெதுவாகக் கேட்டாள். “பலவேசம், உங்களுக்கு அந்த நாற்காலி வேணுமா?”

“அம்மா போயிட்டாவளா?”

“போயிட்டாங்க.”

அவன் யோசித்தான். அப்படித்தான் இருந்தது, யோசிக்கிற மாதிரி.

“இல்ல,” என்றான். “கதவுக்கு அந்தப் பக்கம் நிப்பாவ.”

கதவுக்கு அடியில் அவளுடைய கால் நிழல் தெரிந்தது. அசையவில்லை.

அதற்கப்புறம் நடந்தது என்று பார்த்தால், தெரசிட்டாவும் கஸ்பாரும் தலைநகரிலேயே தங்கிவிட்டார்கள். கஸ்பார் இன்னும் இருக்கிறார். மதுரவல்லி வேலையை விட்டுவிட்டு அவள் ஊர்ப் பக்கம் போய்விட்டாள். யாரையோ கட்டிக்கொண்டதாகக் கேள்வி, உறுதியாகத் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தோல் பிரிவு நன்றாக ஓடுகிறது, முகூர்த்த மாதங்களில் டோக்கன் கிடைப்பதில்லை. சந்தனமாரியின் மகளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தாயிற்று. மறுவருஷம் பெட்டியைப் புதுப்பிக்க வந்தபோது சந்தனமாரி அந்த அறையில் வேறு யாரையும் இருக்கவிடாமல், கதவைச் சாத்திவிட்டு, தானும் பேசாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

தோப்புவிளை ஆவுடைச்செல்விக்கு ராசியில்லை என்று பேர் வரப்பார்த்தது. மாலையப்பன் விடவில்லை. எங்கள் கீழ்வீட்டு உச்சிமாகாளியையே பேசி முடித்துவிட்டார். நல்ல பையன், வாரம் இரண்டு தடவை சரக்கு எடுக்கத் தலைநகர் போய்வருகிறான். கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை, முழுக்கை. பந்தலில் பெண்ணின் அப்பா செவ்விளநீர் வெட்டி மாப்பிள்ளையிடம் நீட்டினார். உச்சிமாகாளி இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்து, நீ முதலில் குடி என்றான். எப்பேர்ப்பட்ட குணம் என்று தோப்புவிளைக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.